நான் பிறந்த வாரத்தில் முதலிடம் எந்தப் பாட்டுக்கு?

சேந்தமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், 1990-களின் தொடக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பத்தடிக்குப் பத்தடிகூட இருக்காது. கண்ணாடி அலமாரியில் அடுக்கிய கேசட்டுகள், மேசைமேல் இரண்டு கேசட் ஒரே நேரத்தில் ஓடும் டெக், அதன் ஓரத்தில் ஒரு நீள நோட்டு. பள்ளி விடுமுறை விட்டால் நான் அந்தக் கடையிலேயே கிடப்பேன். சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக் கொடுப்பதும், பதிந்து முடித்த கேசட்டின் உறையில் பாட்டு வரிசையை எழுதுவதும் என் வேலை. அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு வீதம் பன்னிரண்டு பாட்டு அடங்கும். வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிவந்து நீட்டுவார்கள். கடைக்கார அண்ணன் அதை நோட்டில் வரிசையாக ஏற்றிக்கொள்வார்.

அந்த நோட்டிலிருந்து நான் ஒரு கணக்கு எடுத்தேன். அந்த வாரத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்று என் நோட்டில் கோடு போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து, சனிக்கிழமை இரவு பத்து இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரிப்பேன். அண்ணன் அதைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வந்து படிப்பார்கள். 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வெளிவந்த பிறகு சில வாரங்களுக்குப் பட்டியலில் பாதி அந்தப் படம்தான். தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’ வந்ததும் நிலைமை மாறியது. இளையராஜா பெரியவரா, புதிதாக வந்த ரஹ்மான் பெரியவரா என்று கடை வாசலில் நடந்த வழக்குகளுக்கெல்லாம் என் நாற்பது பக்க நோட்டுதான் சாட்சி.

ஒரு சனிக்கிழமை, பம்பாய்க்கு லோடு ஏற்றப்போகும் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். “ஏனுங்க தம்பி, இந்தப் பாட்டை ஏ பக்கத்துல ஒருக்கா, பி பக்கத்துல ஒருக்கா போட்ருங்க. திருப்பிப் போட்டாலும் அது வரோணும்” என்றார். ஒரே பாட்டு ஒரே கேசட்டில் இரண்டு தடவை. நான் எத்தனை கோடு போடுவது? அவர் கேட்டது இரண்டு. ஆனால் கேட்டவர் ஒருவர். அண்ணனிடம் கேட்டேன். “ஆளுக்கு ஒரு ஓட்டுதான் கண்ணு” என்றார். ஒரு கோடுதான் போட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. நாமக்கல்லில் கிளம்பி நாட்கணக்கில் ஓடும் வண்டியில், எத்தனை இரவு அந்தப் பாட்டு அவரைத் தூங்கவிடாமல் காத்திருக்கும்? அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்தக் கேள்வியை உலகமே கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. லண்டனில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்ற இசை வாரப் பத்திரிகையில் வேலை பார்த்த பெர்சி டிக்கின்ஸ், சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தக் கணக்கு 1952 நவம்பர் 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியலாக அச்சானது. ஆல் மார்ட்டினோ என்ற பாடகரின் பாட்டு முதலிடம். பிரிட்டனின் முதல் வாரப் பாடல் பட்டியல் அதுதான். அன்று தொடங்கிய வரிசை இன்றும் வாரந்தவறாமல் வருகிறது. அதன் பிறகு பிரிட்டனில் பிறந்த எவரும் தாம் பிறந்த வாரத்தில் எந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

லண்டனில் அந்தப் பட்டியல் வந்து 19-ஆவது நாள், 1952 டிசம்பர் 3, புதன்கிழமை, கொழும்பிலிருந்து ரேடியோ சிலோனில் ‘பினாக்கா கீத்மாலா’ ஒலித்தது. நடத்தியவர் அமீன் சயானி. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் ஆகாசவாணியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த காலம் அது. நாட்டு வானொலியில் கேட்க முடியாததைக் கேட்க ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். ஆரம்பத்தில் வெறும் ஏழு பாட்டும் ஒரு சிறு போட்டியுமாக இருந்த நிகழ்ச்சி, இரண்டே ஆண்டுகளில் தரவரிசையாக மாறியது. இசைத்தட்டு விற்பனையும் ஊருக்கு ஊர் இருந்த நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்ந்து இடத்தைத் தீர்மானித்தன. ஒவ்வொரு இடத்தையும் ஒரு ‘படி’ என்றே அமீன் சயானி சொல்வார். பாட்டு படியேறும், படியிறங்கும். 1953 முதல் ஆண்டு வரிசையும் உண்டு. அதன் முதல் முதலிடம் ‘அனார்கலி’ படப் பாட்டுக்குப் போனது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தபோது, ஹிந்திப் பாட்டு கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை தங்கள் புதன்கிழமைகளை நினைத்து அழுதது.

அந்த 1952-இல் நம் பக்கம் என்ன நடந்தது? அக்டோபர் 17, தீபாவளியன்று ‘பராசக்தி’ வெளிவந்தது. ஆர். சுதர்சனம் இசை. படத்தின் வசனம் எப்படிப் பரவியது என்று ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் லண்டனில் பெர்சி டிக்கின்ஸ் கடைகளுக்குப் போன் போட்ட அதே வாரத்தில் சேலத்திலும் மதுரையிலும் எந்தத் தமிழ்ப் பாட்டின் இசைத்தட்டு அதிகம் விற்றது என்று கேட்டால் பதில் இல்லை. கொழும்பின் தமிழ்ச் சேவைக்கும் பெரிய ஆட்கள் இருந்தார்கள். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஊர்ப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, தன் பெயரும் ஊர்ப் பெயரும் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அந்த அட்டை ஒவ்வொன்றும் ஒரு வாக்கு. ஆனால் ஹிந்திக்கு இருப்பதைப்போல, 1953-லிருந்து ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வந்த வரிசை தமிழுக்கு வாய்க்கவில்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’ தமிழ்நாட்டையே புரட்டிப்போட்டது என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் எந்த வாரம் மேலே வந்தது, எத்தனை வாரம் இருந்தது, எந்தப் பாட்டு வந்து அதை இறக்கியது? அவரவர் ஞாபகத்தைத் தவிர வேறு சான்று இல்லை. அந்த ஞாபகம் உள்ளவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்குத்தான் எண்ணிக்கை கொட்டிக் கிடக்கிறதே என்பீர்கள். 24 மணி நேரத்தில் இத்தனை கோடி பார்வை என்று பாட்டு வந்த மறுநாளே சுவரொட்டி அடிக்கிறார்கள். 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ நம்மை அந்தப் பழக்கத்துக்குள் இழுத்துவிட்டது. 2019 ஜனவரியில் யூடியூபுக்கு வந்த ‘ரவுடி பேபி’ அந்த வாரமே பில்போர்டின் யூடியூப் பட்டியலில் 4-ஆம் இடம் பிடித்தது. 2020 நவம்பரில் 100 கோடி பார்வையைத் தாண்டியது. தென்னிந்தியப் பாட்டு ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதல்முறை. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பார்வை எண்ணிக்கை ஏறும், ஒருநாளும் இறங்காது. பத்து வருடத்துக்கு முந்தைய பாட்டும் போன வாரப் பாட்டும் ஒரே தராசில் நிற்கும். வாரப் பட்டியலின் உயிரே இறங்குவதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் எல்லாப் பாட்டும் பூஜ்யத்திலிருந்து ஓட வேண்டும். போன வாரம் முதலிடத்தில் இருந்தது இந்த வாரம் ஆறுக்கு வருகிறதென்றால், ஊர் மனசு எங்கோ திரும்பியிருக்கிறது என்று பொருள். கூட்டிக்கொண்டே போகும் எண்ணில் இது தெரியாது.

இன்னொன்று, பாட்டை விற்பவரே அதன் வெற்றியையும் அறிவிக்கிறார். தேர்தலில் நின்றவர் கையிலேயே வாக்குப் பெட்டியைக் கொடுத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? 2019 ஜூலையில் பாட்ஷா என்ற ராப் பாடகரின் ‘பாகல்’ 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வை பெற்று உலக சாதனை படைத்ததாக அறிவித்தார்கள். யூடியூப் அந்தச் சாதனையை ஏற்கவில்லை. விளம்பரமாகக் காசு கொடுத்து ஓட்டிய பார்வைகளும் அப்போதெல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தன. அந்த செப்டம்பரில் யூடியூப் தன் இசைப் பட்டியல்களுக்கு விதியை மாற்றி, விளம்பரம் வழியாக வரும் பார்வையை நீக்கியது. விதி மாறியது நல்லது. ஆனால் அடுத்தவர் அந்தக் கணக்கைத் தனியாக எடுத்துச் சரிபார்க்க இன்றும் வழியில்லை.

நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தம் நாயகனின் பாட்டை ஒலியை நிறுத்திவிட்டு இரவெல்லாம் ஓடவிடுகிறார்கள், எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக. பாட்டைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பத்தக்க கணக்கு ஒன்றை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் பட்டியல்களில் மோசடி நடக்காமல் இல்லை. அமெரிக்காவில் 1959-60-இல் வானொலி அறிவிப்பாளர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டது நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ஆனால் தவறு வெளிப்பட்டபோதெல்லாம் விதியைத் திருத்தினார்கள். திருத்தியதைச் சொல்லியும் விட்டார்கள். 2017 மார்ச்சில் எட் ஷீரனின் புது ஆல்பம் வந்தபோது பிரிட்டன் பட்டியலின் முதல் 20 இடங்களில் 16 அவருடையவை. அந்த ஆண்டே, ஒரு பாடகருக்கு ஒரு நேரத்தில் மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை என்று வரம்பு வைத்தார்கள். லாரி டிரைவர் கேட்ட இரண்டு தடவைக் கணக்கையும் அவர்கள் தீர்த்துவைத்திருக்கிறார்கள். 2018 முதல், சந்தா கட்டிக் கேட்பவர்களின் 100 ஓட்டமோ, இலவசமாகக் கேட்பவர்களின் 600 ஓட்டமோ ஒரு விற்பனைக்குச் சமம். இந்த விகிதம் நியாயமா என்று நாம் சண்டை போடலாம். சண்டை போட அங்கே ஒரு விகிதமாவது கண்ணெதிரே இருக்கிறது.

இந்தியாவில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இசை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎம்ஐ, 2021 ஜூனில் 20 இடங்கள் கொண்ட அதிகாரபூர்வ வாரப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. இணைய ஒலிபரப்புச் செயலிகளின் தரவுதான் ஆதாரம். ஆனால் அது சர்வதேசப் பாடல்களுக்கான பட்டியல். லண்டன், நியூயார்க், சியோல் பாடகர்களில் யார் நம்மிடம் முன்னணி என்று முறையாக எண்ண முடிந்தவர்களுக்கு, தமிழில் யார் முன்னணி என்று எண்ணத் தெரியாதா? 2022 பிப்ரவரியில் பில்போர்டு இந்தியாவுக்கென 25 இடப் பட்டியலைக் கொண்டுவந்தது. அது மொத்த நாட்டுக்கும் ஒன்று. ஹிந்தி கேட்பவர்களின் தொகைக்கு முன்னால் தமிழ்ப் பாட்டு மூச்சு முட்டித்தான் மேலே வர வேண்டும். நாமக்கல்லில் முட்டைக்கு ஒரு பைசா கூடினாலும் குறைந்தாலும் முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, மறுநாள் பத்திரிகையில் வருகிறது, டீக்கடையில் பேசுகிறார்கள். காலையிலிருந்து இரவு வரை நம் காதில் விழுகிற பாட்டுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

எண்ணத் தொடங்கினால் எதை எண்ணுவது என்பதில் நம் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது. போன மாதம் நாமக்கல்லில் கொல்லிமலை பஸ் ஏறினேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரும்வரை ஓடிய பாட்டுகளைக் கைபேசியில் குறித்துக்கொண்டே வந்தேன். பதினொன்று. அதில் ஒன்பது 1980-களிலும் 90-களிலும் வந்தவை. எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அந்தக் காலத்து மெட்டுதான் துணை. எங்கள் பக்கம் ஒரே ஊருக்கு இரண்டு பஸ் நின்றால், எதில் நல்ல பாட்டு ஓடுகிறது என்று பார்த்து ஏறுகிறவர்கள் உண்டு. மாரியம்மன் நோம்பி வந்தால் பதினைந்து நாளும் மைக்செட்காரர் வைப்பதுதான் ஊர் கேட்கும் பாட்டு. பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் மொபைல் கடையில் ஏற்றிக்கொண்ட பாட்டுகள் எந்தச் செயலியின் கணக்கிலும் வருவதில்லை. புதுப் பாட்டை மட்டும், கைபேசிச் செயலியில் மட்டும் எண்ணினால், சேந்தமங்கலத்தில் நாள்முழுக்க ஒலிக்கும் இளையராஜாவுக்கு அந்தப் பட்டியலில் இடமே இருக்காது. அப்படியொரு பட்டியல் எனக்கு வேண்டாம்.

பழைய பாட்டும் அதே வரிசையில் நிற்க வேண்டும். 1985-இல் வெளிவந்த, பாடகி கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்ததால் 2022 ஜூனில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. 37 ஆண்டுகளுக்குப் பிறகு! பழைய பாட்டுகளை வேகமாகக் கீழிறக்கும் விதி ஒன்று அங்கே இருந்தது. ஜனங்கள் உண்மையிலேயே கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பாட்டுக்கு விலக்கு அளித்தார்கள். நமக்கும் அதேபோல் ஒன்று நடந்தது. 1991-இல் வந்த ‘குணா’ படத்தின் கடிதப் பாட்டு, 2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தால் மறுபடி உயிர்த்தெழுந்தது. ‘குணா’ வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் கொட்டகையில் கூடவே பாடினார்கள், நான் பார்த்தேன். கேட் புஷ்ஷின் கதைக்குத் தேதியும் இடமும் வாரக் கணக்கும் இருக்கின்றன. வாலியும் இளையராஜாவும் படைத்த பாட்டின் கதைக்கு நம்மிடம் இருப்பது செவிவழிச் செய்தி.

இது வெறும் ஆசைக்காகச் சொல்வதல்ல. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, பாட்டு ஒலிக்கும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்கை எவரும் எழுதி வாங்கிப் பறிக்க முடியாது. அந்தப் பங்கைப் பிரிக்க எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது என்ற கணக்கு வேண்டும். கணக்கில் வராத பாட்டுக்குக் காசு வராது. பஸ்ஸிலும் பந்தலிலும் முப்பது வருடமாக ஓடும் பாட்டின் எழுத்தாளரைவிட, கைபேசியில் மூன்று நாள் ஓடிய பாட்டின் எழுத்தாளர் கணக்கில் பெரிய ஆளாகிவிடுவார்.

செயலிகளையே நம்பியிருக்க முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெஸ்ஸோ என்ற இசைச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் அதே ஆண்டில் மூடப்பட்டது. கோடிக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் என்ன கேட்டார்கள் என்ற குறிப்பு அந்தச் செயலிகளோடு போய்விட்டது. என் நாற்பது பக்க நோட்டு ஒரு தகரப்பெட்டிக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

பாட்டுக்குப் போய் மதிப்பெண்ணா, நல்ல பாட்டெல்லாம் முதலிடத்துக்கு வருமா என்று கேட்கிறார்கள். வராது. 1967-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரண்டும் ஒரே தட்டில் வந்தன. இசை உலகம் இன்றும் கொண்டாடும் பாட்டுகள் அவை. அந்தத் தட்டை இரண்டாம் இடத்திலேயே தடுத்து நிறுத்தியது, எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய ஒரு காதல் பாட்டு. ஆறு வாரம் அது முதலிடத்தில் அசையவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அங்கே அதைப் பற்றி வாதாடுகிறார்கள். எது உயர்ந்த பாட்டு என்று பட்டியல் சொல்லாது. அந்த வாரம் ஜனங்கள் எதைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று மட்டும் சொல்லும். நல்ல பாட்டு தோற்றது என்பதற்கும் ஒரு பதிவு வேண்டுமே!

ஐஎம்ஐ தான் தொடங்கிய வேலையைத் தமிழுக்கும் செய்ய வேண்டும். செயலிகளின் எண்ணோடு பண்பலை வானொலிகள் ஒலிபரப்பிய கணக்கையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் சில பஸ்கள், சில மைக்செட்காரர்கள், சில மொபைல் கடைகள் என்று மாதிரி எடுத்துச் சேர்க்க முடியும். பெர்சி டிக்கின்ஸிடம் இருந்தது ஒரு தொலைபேசியும் 20 கடைகளும் மட்டுமே. எந்த எண்ணுக்கு என்ன எடை என்ற விதி முன்கூட்டியே அச்சில் வர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நாளிதழ்கள் முட்டை விலைக்குப் பக்கத்தில் அதை வெளியிட வேண்டும். ஒரு பல்கலைக்கழகமோ நூலகமோ வாரந்தோறும் ஒரு பிரதியை வாங்கிக் கட்டிவைக்க வேண்டும்.

இனி வரும் வாரங்களுக்கு இது போதும். போன வாரங்களுக்கு உங்கள் உதவி தேவை. தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. அவற்றின் ஆர்டர் நோட்டுகள் பரணிலோ, மூடிய கடையின் ஷட்டருக்குப் பின்னாலோ இன்னும் கிடக்கலாம். வானொலிக்கு எழுதிய நேயர் மன்றங்களின் குறிப்பேடுகளும் எங்காவது இருக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொட்டகையில் சில அணாக்களுக்கு விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் காப்பாற்றி வைத்திருக்கும் இடம் அது. அதைப் போன்ற ஓர் இடத்தில் கேட்டுப் பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால் பக்கங்களைப் படமெடுத்தாவது வையுங்கள். என் நோட்டின் 1992 ஆகஸ்டு முதல் 1995 மே வரையிலான பக்கங்களை நான் இந்த மாதமே படமெடுக்கத் தொடங்கிவிட்டேன்.